திடலைச் சுற்றியவர்களிடம் காரணம் கேட்டது

1

அப்பாவுக்கு எழுதத் தெரியாது. அதனால் அவரிடமிருந்து கடிதம் வந்தால் நான் இரண்டு தடவை படிப்பேன். முதல் தடவை சேதிக்காக. இரண்டாம் தடவை, எந்தச் சொல் அப்பாவுடையது, எந்தச் சொல் திண்டிவனம் தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்து எழுதித் தருகிறவருடையது என்று பிரிப்பதற்காக. நான் மலாயாவுக்கு வந்து, இந்த ரப்பர்த் தோட்டத்தின் ஆபீசில் சின்ன கிராணியாக உட்கார்ந்து மூன்று வருஷம் நிறைந்த வாரத்தில் வந்த கடிதம் இது. கிராணி என்றால் நம் ஊரில் குமாஸ்தா.

"சிரஞ்சீவி மாணிக்கத்துக்கு ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம். உன் பெண்சாதி அஞ்சலை அந்த தேசத்தில் பெண்டுகளைச் சேர்த்துக்கொண்டு, புருஷர்கள் பந்தாடும் மைதானத்தில், சரீர அப்பியாசம் என்னும் பேரில் ஓடுவதாகக் கேள்வி. வயிற்றில் ஒன்றும் தங்காததற்கு இதுவே காரணமாயிருக்கலாம். ஓடுகிறவள் எதுக்கு ஓடுகிறாள்? யாரைப் பார்க்க ஓடுகிறாள்? தை மாசத்துக்குள் நல்ல சேதி இல்லையென்றால் அவளைக் கப்பலேற்றி, விழுப்புரத்தில் அவள் அப்பன் வீட்டில் சேர்த்துவிடவும். மற்றது பிறகு பேசிக்கொள்ளலாம்."

'சரீர அப்பியாசம்' எழுதினவருடையது. அப்பா வாயில் அது நுழையாது. 'யாரைப் பார்க்க' அப்பாவுடையதுதான். 'மற்றது' யாருடையது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இன்னொரு பெண்ணை ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறார்களோ என்று தோன்றியது.

கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அஞ்சலையிடம் காட்டவில்லை. இங்கே நடப்பது ஊருக்கு எப்படித் தெரிந்தது? போன கப்பலில் திண்டிவனம் பக்கத்து ஆட்கள் ஐந்து பேர் திரும்பினார்கள். ஐந்து பேரையும் மனத்துக்குள் வரிசையாக நிறுத்தி விசாரித்தேன். பிறகுதான் உறைத்தது, சேதி சொன்னவன் யாராக இருந்தாலும் பொய் சொல்லவில்லை. அப்பா கேட்ட கேள்வியும் எனக்குப் புதிதில்லை. ஒரு மாதமாக அதே கேள்வியை வாய்க்குள் வைத்துக்கொண்டுதான் நானும் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

2

இங்கே ஆபீசுக்கும் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக்கும் நடுவில் ஒரு திடல் இருக்கிறது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பந்தாட்டத்துக்காக வெட்டிச் சீர்படுத்தியது. நாங்கள் கிராணிமார், மெஷின் கொட்டகை ஆட்கள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வெட்டும் சில பையன்கள் எல்லாரும் சாயங்காலம் அங்கே ஆடுவோம். துரை பங்களாவிலிருந்து பார்த்தால் தெரியும்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அஞ்சலை அந்தத் திடலைச் சுற்றி நடந்தாள். மறுநாளும் நடந்தாள். நாலாம் நாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். நான் பந்தை விட்டுவிட்டு நின்றுவிட்டேன். எங்கள் தெருவில் பெரிய பெண்கள் ஓடி நான் பார்த்தது இரண்டே தடவை. ஒரு தடவை கூரை பற்றிக்கொண்டபோது. இன்னொரு தடவை மாடு மிரண்டபோது. இங்கே தீயும் இல்லை, மாடும் இல்லை.

லயத்துப் பச்சையம்மா வாசலிலிருந்து கூப்பிட்டுக் கேட்டது என் காதில் விழுந்தது. பச்சையம்மாவும் விழுப்புரம் பக்கம்தான். புருஷன் இல்லாதவள், வாய் உள்ளவள்.

"இன்னாடி கிராணியம்மா, எவன் தொரத்தறான்?"

"யாரும் தொரத்தல. வேண்டுதல்."

"ஓடறதுக்கா வேண்டுதல்?"

"நம்ப ஊர்ல கோயிலுக்குள்ள போய்ச் சுத்த நமக்கு ஏது வழி? வெளிய நின்னு கும்புட்டுட்டு வந்தேன். கடலத் தாண்டினதும் எவ்ளோ பெரிய எடம் கெடைக்குதோ அத்தச் சுத்தறேன் தாயேன்னு வேண்டிகினேன்."

 மூன்றாம் நாள் பச்சையம்மாவும் இறங்கிவிட்டாள். அதற்கடுத்த வாரம் குப்பு, ராசாத்தி, முட்டி வீங்கிய பொன்னி. ஆவணி முடிவதற்குள் பதினாலு பேர். விடியற்காலையில் எழுந்து ஆளுக்கு முந்நூறு மரம் வெட்டி, வாளி வாளியாகப் பால் சுமந்து கொட்டிவிட்டு வந்த பெண்கள், சாயங்காலம் சும்மா கிடக்காமல் திடலைச் சுற்றுகிறார்கள்! கோல் கம்பத்துக்கு ஒரு நாள் மஞ்சள் பூசியிருந்தது. அடுத்த நாள் குங்குமம் இருந்தது. செவ்வாய் வெள்ளியில் செருப்புக் காலோடு திடலில் யாரும் இறங்கக் கூடாதாம். யார் சொன்னது என்று விசாரித்தேன். ஒவ்வொருத்தியும் அடுத்தவளைக் காட்டினாள்.

அஞ்சலை சொன்ன காரணங்களை நான் டைரியில் குறித்து வைத்தேன். பச்சையம்மாவிடம் வேண்டுதல். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரிடம், கால் மரத்துப்போகிறது. பெரிய கிராணியின் மனைவியிடம், உடம்பு பெருத்துக்கொண்டு போகிறது. என்னிடம், "சும்மாதாங்க." ஆபீசில் ஒரே ஆள் நாலு இடத்தில் நாலு விதமாகச் சொன்னால் அந்த நாலையும் நம்பக் கூடாது என்று எனக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

3

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் கால் வைத்தவன் நான். திண்டிவனத்தில் படித்தேன். அந்தப் பள்ளியில் எனக்குச் சம்பளம் மாப்பு, காசு கட்ட வேண்டாம். ஆனால் மாப்பு நிற்க வேண்டுமானால் டிரில் வகுப்புக்கு ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. முதல் நாள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

"இன்னாடா சொல்லிக் குடுத்தாங்க?"

"டிரில்லு, நைனா. கைய இப்படி நீட்டணும், கால இப்படி வைக்கணும்."

"கையக் கால ஆட்றதுக்கா நாலு கல்லு நடந்து போய்க்கினு வர்ற? வரப்புக்கு வா, நான் சொல்லித் தரேன்."

அவர் சிரித்தார். எனக்கும் அதில் நம்பிக்கை இல்லை. உடம்பை வைத்துப் பிழைக்கிறவன் வேலை முடிந்ததும் அதைக் கிடத்துவான். சும்மா ஆட்டுவானேன்? ஆனால் பரீட்சையில் 'தேகப்பயிற்சியின் நன்மைகள்' என்று கட்டுரை வந்தபோது ஒரு பக்கம் எழுதினேன். உடல் வலிவு, மன ஊக்கம், ஒழுக்கம், ஒற்றுமை. ஒரு வரியைக்கூட நம்பாமல் எழுதி நல்ல மார்க் வாங்கினேன்.

பந்தாட்டமும் அப்படித்தான். இந்தத் தோட்டத்துக் கங்காணி முனுசாமி ஆள் சேர்க்க ஊருக்கு வந்தபோது, இங்கிலீஷும் தெரிந்து பந்தும் ஆடத் தெரிந்த கிராணி ஒருவன் வேண்டும், துரைக்குப் பந்து என்றால் உயிர் என்றார். நான் பள்ளியில் கோட்டோரத்தில் நின்றவன். "ரைட் விங்" என்று சொல்லிவிட்டேன். துரை முன்னால் நின்றபோது, ஆட்டத்தின்மேல் சிறு வயதிலிருந்தே பிரியம் என்றும் சொன்னேன். அவர் கை குலுக்கினார்.

அன்று முதல், நீ ஏன் ஆடுகிறாய் என்று என்னை எவரும் கேட்டதில்லை.

4

எங்கள் பக்கத்தில் வேண்டுதல் என்றால் அதற்கு ஓர் அடையாளம் உண்டு. மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, சாமி படத்துக்கு அடியிலோ கூரை மூங்கிலிலோ கட்டி வைப்பார்கள். நினைத்தது நடந்ததும் முடிப்பை அவிழ்த்து அந்தக் காசைக் கோயிலில் சேர்ப்பார்கள். முடிப்பு இல்லாத வேண்டுதல் வாய்ப்பேச்சு.

கடிதம் வந்த மறுநாள், அஞ்சலை ஓடப் போன நேரத்தில் நான் வீட்டைத் தேடினேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். தகரப் பெட்டி, அரிசிப் பானை, தலையணை உறை, கூரைச் சந்து எல்லாம் பார்த்தேன். முடிப்பு இல்லை. ஆக வேண்டுதல் பொய். அப்படியானால் எதற்காக ஓடுகிறாள்? யாருக்காக? எங்களோடு ஆடுகிறவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மெஷின் கொட்டகைத் தேவராஜ் கொஞ்சம் அழகாகத் தலை சீவுவான். இரண்டு நாள் அவனுக்கு நான் பந்தே தரவில்லை.

அஞ்சலையை எனக்குப் பார்த்தவர் அப்பா. விழுப்புரத்தில் ரயிலடிக்குப் பக்கம் ஒரு மல்லாட்டை மண்டி. மல்லாட்டை என்றால் நிலக்கடலை. களத்தில் பெண்கள் குந்தி உட்கார்ந்து வரிசை வரிசையாக மல்லாட்டை உடைத்துப் பருப்பைப் பிரிப்பார்கள். பெண் பார்க்கப் போகிறோம் என்று சொல்லி அப்பா என்னை அந்தக் களத்துக்குத்தான் கூட்டிப்போனார். மூட்டை அடுக்குக்குப் பின்னால் நின்றுகொண்டு பார்த்தோம்.

"மூஞ்சப் பாக்காத. கையப் பாரு," என்றார்.

நானும் கையைப் பார்த்தேன். மற்றவர்கள் ஒரு முறம் முடிப்பதற்குள் அவள் இரண்டை முடித்தாள். பிறகு எழுந்து, மூட்டையைத் தானே இழுத்து, இன்னொருத்தி தூக்கிவிட, தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். "நாலு ஆளு வேல செய்யும்டா இது," என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். எட்டு வயதிலிருந்து அங்கே குந்தி உட்காருகிறாளாம். அவள் கால் நிமிர்ந்ததைப் பார்த்தது சுமை தூக்கியபோது மட்டும்தான். அதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. கையைத்தானே பார்க்கச் சொன்னார்கள்.

கல்யாணம் ஆனதும், என் பெண்சாதி இனிமேல் கூலி வேலைக்குப் போக மாட்டாள் என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன். இங்கே வந்தும் அதையே சொன்னேன். கிராணி வீட்டுப் பெண்கள் மரம் வெட்டப் போக மாட்டார்கள். வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

5

அடுத்த திங்கட்கிழமை பெரிய கிராணி என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பக்கத்துத் தோட்டமொன்றில் கூலி உயர்வு கேட்டு ஆட்கள் வேலைக்கு இறங்காமல் நின்றார்களாம். இங்கே பதினாலு பெண்கள் தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூடுவதைத் துரை பங்களாவிலிருந்து பார்க்கிறார். ஓட்டம் வெறும் சாக்கு, உள்ளே ஏதோ சங்கம் நடக்கிறது என்று கங்காணி அவர் காதில் போட்டிருக்கிறார். ஆகவே ஒவ்வொரு பெண்ணிடமும் தனித்தனியாக விசாரித்து, பெயர், எதற்காக ஓடுகிறாள் என்று இரண்டு பத்தி போட்டு, சனிக்கிழமைக்குள் இங்கிலீஷில் எழுதித் தர வேண்டும். காரணம் திருப்தியாக இல்லையென்றால் திடல் பெண்களுக்கு மூடப்படும். ஆரம்பித்தது யார் மனைவி என்பதும் துரைக்குத் தெரியும். பெரிய கிராணி அறைச் சன்னல் வழியே வெளியே தெரிந்த என் நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார்.

நான் நோட்டுப் புத்தகத்தோடு லயத்துக்குப் போனேன். பெண்கள் என்னைப் பார்த்த பார்வையில், நான் அவர்களைச் சந்தேகித்ததைவிட அவர்கள் என்னை அதிகம் சந்தேகித்தார்கள் என்று தெரிந்தது.

குப்பு சொன்னாள்: "அந்த நேரத்துல அடுப்பாண்ட இருந்தேன்னா அந்த ஆளு குடிச்சிட்டு வந்து கை நீட்டுவான். வேண்டுதல்ல இருக்கறவளத் தொடக்கூடாதுல்ல? அதான்."

"அப்படியே எழுதட்டுமா?"

"எழுதேன். அவனுக்கா படிக்கத் தெரியும்?"

ராசாத்திக்குப் பதினெட்டு வயது இருக்கலாம். "எங்க மாமியா வாசல்ல குந்திகினு மொறைச்சிகினே இருக்கும். அது மொறைக்கும்போது இன்னும் ஜல்தியா ஓடுவேன்," என்றாள். பொன்னி, முட்டி வீக்கம் குறைந்துவிட்டது என்று புடவையை ஒதுக்கிக் காட்டப் போனாள், நான் வேண்டாம் என்றேன். ஒருத்தி எல்லாரும் ஓடுகிறார்கள் என்றாள். ஒருத்தி மூச்சு வாங்கும்போது அழுதால் யாருக்கும் தெரியாது என்றாள். அதற்கு மேல் அவளிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

பச்சையம்மா கடைசியாக வந்து என் எதிரில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"சின்ன கிராணி, காலையில வாளியோட முந்நூறு மரம் சுத்தறேனே, அதுக்குக் காரணம் கேட்டு எவனாச்சும் வந்தீங்களா?"

"அது வேலை. சம்பளம் வருது."

"இதுக்குச் சம்பளம் இல்ல. அதான் உங்களுக்கெல்லாம் பேஜாரா கீது."

"ஆபீஸ்ல கேக்கறாங்கம்மா. நான் எழுதித்தான் ஆகணும்."

"வேண்டுதல்னு எழுது. பதினாலு பேருக்கும் வேண்டுதல். சாமி விஷயத்துல தொரை கை வைக்க மாட்டான்."

வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு யோசனை வந்தது. நியாயமென்றால் எல்லாருக்கும் நியாயமாக இருக்கட்டும் என்று, பந்தாடுகிற ஆண்களிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒருவன், துரை பார்க்கிறார் என்றான். இன்னொருவன், ஆட்டம் முடிந்தால் கள்ளுக்கடைக்குப் போக ஜோடி கிடைக்கும் என்றான். தேவராஜ் தலையைச் சீவிக்கொண்டே, "வூட்ல இருக்க முடியல கிராணி, அஞ்சு கொழந்தைங்க," என்றான். உடல் வலிவு, மன ஊக்கம், ஒழுக்கம், ஒற்றுமை என்று ஒருவனும் சொல்லவில்லை. இதையெல்லாம் யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. ஆகவே எழுதவும் இல்லை.

6

வியாழக்கிழமை கங்காணி புதுத் தந்திரம் ஒன்று செய்தார். வேண்டுதல் உண்மையா என்று பார்க்கத் தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி கோவிந்தனைக் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருகிறேன், முடிப்பை எடுத்து வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார். ஆபீசில் இருந்த என்னிடம் ஆள் வந்து சொன்னான். முடிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அஞ்சலைக்குத் தெரியாது.

நான் அப்போது செய்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் காப்பி அடித்ததில்லை, ஆபீசில் ஓர் எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை. அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து, அவள் துணி துவைக்கப் போயிருந்த நேரத்தில், ஒரு கிழிசல் வேட்டித் துண்டை மஞ்சள் தண்ணீரில் நனைத்து, சட்டைப்பையிலிருந்த ஒரு காசை முடிந்து, சாமி படத்துக்குப் பின்னால் ஆணியில் கட்டிவிட்டு, கங்காணி வரும் சேதியையும் அவளிடம் சொல்லாமல் போய்விட்டேன். ஏன் செய்தேன்? வேலைக்குப் பயந்தா, அவளுக்காகவா? இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கங்காணி, பூசாரி, வேடிக்கைக்குப் பாதி லயம். பச்சையம்மா முன்வரிசையில்.

"முடிப்பு எங்கம்மா?" என்றார் பூசாரி.

அஞ்சலையின் முகம் வெளுத்தது. நான் போய்ப் படத்துக்குப் பின்னால் இருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூன்று வருஷத்தில் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை.

பூசாரி முடிப்பை அவிழ்க்கவில்லை. அவிழ்க்கக் கூடாது. துணியோடு காசை விரலுக்குள் வைத்து உருட்டினார். மறுபடியும் உருட்டினார்.

"எப்ப முடிஞ்சது?"

"ஊர்ல. கப்பல் ஏறும்போது," என்றாள் அஞ்சலை மெதுவாக.

"ஊர்ல முடிஞ்சா அணாக் காசு. அணான்னா விளிம்பு நெளிநெளியா இருக்கும். இது மொழுமொழுன்னு கீதே? இந்த ஊருக் காசு மாதிரி கீதே?"

 அணா நினைவே எனக்கு வரவில்லை! பையில் இருந்ததை எடுத்து முடிந்துவிட்டேன். கங்காணி தொண்டையைக் கனைத்தார்.

"அது மாத்தினது," என்றாள் பச்சையம்மா.

எல்லாரும் திரும்பினார்கள்.

"கப்பலுக்குக் காத்துகினு இருந்தப்ப நாகப்பட்டினம் கேம்புல இவளுக்குக் காய்ச்சல். நான்தான் கஞ்சி வாங்கிக் குடுக்கறதுக்கு அந்த அணாவ அவுத்தேன். எறங்கினதும் இந்த ஊருக் காச வச்சி முடிஞ்சிக்கடின்னேன். இன்னா பூசாரி, நம்ப அம்மா ஊருக் காசுன்னாதான் வாங்குவாளா? உன் உண்டியல்ல விழறதெல்லாம் எந்த ஊருக் காசு?"

கூட்டம் சிரித்தது. பூசாரியும் சிரிக்க வேண்டியதாயிற்று. அவர் முடிப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். கங்காணி மட்டும் என் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டு போனார்.

பச்சையம்மா எங்களோடு கப்பலில் வரவே இல்லை. அவள் எங்களுக்கு இரண்டு வருஷம் முன்னால் வந்தவள்.

7

கூட்டம் கலைந்ததும் அஞ்சலை கதவைச் சாத்தினாள்.

"நீங்கதான முடிஞ்சிங்க?"

"ஆமா."

"அப்ப முன்னாடியே தேடிப் பாத்திங்க."

 சட்டைப்பையிலிருந்து அப்பாவின் கடிதத்தை எடுத்து முழுவதும் படித்துக் காட்டினேன். 'மற்றது' வரைக்கும். அவள் கை கால் அசையாமல் கேட்டாள்.

"நானும் அதேதான் நினைச்சேன், அஞ்சல. யாரைப் பாக்க ஓடறியோன்னு. இப்ப நான் எழுதியாகணும். நிஜமாச் சொல்லு, எதுக்கு ஓடற?"

"சொன்னா சிரிப்பிங்க."

"சிரிக்க மாட்டேன்."

"சின்னதுல இருந்து எங்க போனாலும் கையில எதுனா இருக்கும். மொறம், கூடை, மூட்டை, கொடம். இங்க வந்தேன், கையில ஒண்ணும் இல்ல, ஆனா போறதுக்கு எடமும் இல்ல, வூட்லயே குந்துன்னிங்க. ஒரு நாள் திடலாண்ட நின்னேன். கைய வீசிகினு போனா எப்டி இருக்கும்னு பாத்தேன். அவ்ளோதாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான். இத்தச் சொன்னா யாரு வுடுவா? அதான் மாரியம்மா மேல போட்டேன்."

நான் சிரிக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து அவள் பெயருக்கு எதிரே என்ன எழுதுவது என்று உட்கார்ந்திருந்தேன். 'பிள்ளைவரம் வேண்டி' என்று எழுதினால் துரைக்குப் புரியும், திடல் மூடாது என்றேன்.  அவள் கேட்டாள்:

"அப்டி எழுதினா, வேண்டினது நடந்துட்டா ஓட்டத்த நிறுத்தணும்ல?"

"ஆமா. அதுதானே முறை."

"நான் முழுகாம இருக்கேங்க. ரெண்டு மாசம்."

எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது. தைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. ஒரு தந்தி போதும், அப்பா வாய் அடைத்துவிடும், கப்பல் இல்லை, விழுப்புரம் இல்லை, 'மற்றது' இல்லை. இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"சொன்னா படுக்க வைப்பிங்க," என்றாள். "போன தபா படுத்துகினுதான் இருந்தேன். தண்ணிக்குக்கூட எழுந்திருக்க வுடல நீங்க. தங்கினுதா?"

வந்த முதல் வருஷம், மூன்றாம் மாதத்தில் ஒன்று கலைந்தது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் அதன் பிறகு பேசியதே இல்லை.

"இது தங்கும்னு எனக்கு யாரும் எழுதிக் குடுக்கல," என்றாள். "போயிட்டா, ஓடினதாலன்னு சொல்லுவாங்க. ஓடாம இருந்து போயிட்டா, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. டிரஸ்ஸர் ஐயா, ஓட்டம் வேணாம், மெதுவா நடக்கலாம்னாரு. அவருக்கு மட்டும்தான் சொல்லியிருக்கேன். எனக்கு இன்னும் ரெண்டு மாசம் வுடுங்க. உங்க நைனாவுக்குச் சொல்லாதிங்க. யாருக்கும் சொல்லாதிங்க."

"சொல்லலன்னா தைக்கு உன்னைக் கப்பலேத்தச் சொல்லுவாரே?"

"அவரு சொல்லுவாரு. நீங்க ஏத்துவிங்களா?"

இந்தக் கேள்விக்குப் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதியதுபோல் எழுத முடியாது. சனிக்கிழமை காலையில் இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று துரைக்கு: பதினாலு பெயர், பதினாலு எதிரிலும் வேண்டுதல், இன்னும் நிறைவேறவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன். அது பொய் என்று தெரிந்தே போட்டேன். இன்னொன்று அப்பாவுக்கு: 'நல்ல சேதி வந்தாலும் வராவிட்டாலும் அஞ்சலை இங்கேதான் இருப்பாள். தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மற்றதைப் பற்றி இனி எழுதச் சொல்ல வேண்டாம்.' அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டப் போகிறவர் ஏதாவது சொல்லை மாற்றிப் படிப்பாரோ என்ற சந்தேகத்தில், கடைசி வரியை இரண்டு தடவை எழுதினேன்.

துரை என் காகிதத்தைப் படித்துவிட்டுத் தலையாட்டினாராம். கங்காணி ஒத்துக்கொள்ளவில்லை என்று கேள்வி. நடந்ததையெல்லாம் இப்படி எழுதி அச்சுக்கு அனுப்பச் சொன்னவள் அஞ்சலைதான். அவள் கேட்ட இரண்டு மாசம் எப்போதோ தாண்டிவிட்டது. துரைக்குத் தமிழ் தெரியாது. பெரிய கிராணி தமிழில் எதையும் மதித்துப் படிப்பவர் அல்ல.

அன்று சனிக்கிழமை சாயங்காலம் நான் பந்தாடப் போகவில்லை. ஆபீஸ் சன்னலில் நின்று திடலைப் பார்த்தேன். அஞ்சலை முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஓடவில்லை. கைகளை வீசி நடந்தாள். பின்னால் பதிமூன்று பெண்கள். ராசாத்தி பழக்கத்தில் வேகமெடுத்து அஞ்சலையின் தோளருகே வந்துவிட்டாள். பச்சையம்மா எட்டி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னாள். ராசாத்தி அஞ்சலையின் இடுப்பை ஒரு தடவை பார்த்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு பின்னுக்கு வந்தாள். முந்நூறு மரம் சுற்றின கால்கள் எல்லாம் என் பெண்சாதியின் நடைக்கு இறங்கி வந்தன. சுற்று முடிந்து மறு சுற்று தொடங்கியபோதும் ஒருத்தியும் அவளை முந்தவில்லை.

டிரஸ்ஸருக்கு மட்டும்தான் சொன்னேன் என்றாளே, இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு கணம் எனக்கு மறுபடியும் சந்தேகம் எழுந்தது. போய்க் கேட்க வாசல்வரை வந்தேன். கேட்காமல் நின்றுவிட்டேன்.